உண்பதாலா, உட்கார்வதாலா?

சென்னைச் சாந்தோம் பேராலயத்திற்குப் பின்னே, கடலையொட்டி, கலங்கரை விளக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே செல்கிறது மெரினா லூப் சாலை. அச்சாலையோரத்து மீனவர் ஊர்களுள் ஒன்று நொச்சிக்குப்பம். சங்கராவும் நெத்திலியும் வஞ்சிரமும் அங்கே பேரம் பேசி வாங்கி வருகிறோம். அவற்றை விற்கும் தாய்மாரின் உடல்நலத்தைப்பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

ஒரு தலைமுறைக்கு முன்னர் மீன்காரம்மா நம் வீட்டு வாசலுக்கே வருவார். தலையில் கூடை, கூடையில் பல கிலோ மீன், மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தெருத்தெருவாக நடை. ஆடவர் கட்டுமரத்தைத் துடுப்பு வலித்துச் செலுத்திக் கடலேறினர். இன்று இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. பெண்களோ சாலையோரத்தில் மீனைப் பரப்பி அமர்ந்து விற்கத் தொடங்கினர். அக்கடைகளால் போக்குவரத்து தடைப்படுகிறதென 2023-இல் உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. பின்னர் மாநகராட்சி கட்டிய நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நிழலும் மேடையும் கிடைத்தது நல்லதே. கூடைச் சுமை கழுத்தையும் முழங்காலையும் எவ்வளவு வருத்தும் என்பதை அறிந்த எவரும் அந்தப் பழைய நாள்கள் திரும்ப வேண்டுமென்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள பெண் ஒருவர் சுமையுடன் இரண்டு மணி நேரம் நடந்தால், உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ 300 கலோரி கூடுதலாகச் செலவிடுவார். அது ஒரு பெரிய கிண்ணம் சோற்றுக்குச் சமம். நடை நின்றதும் பசி அந்த ஒரு கிண்ணத்தைத் தானாகவே விட்டுக்கொடுக்குமா?

விட்டுக்கொடுக்காது என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு சான்று தருகிறது. மேற்கு வங்கத்துச் செங்கயில் என்னும் ஊரின் சணல் ஆலையில் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய தோழர்களும் 213 ஆடவரை ஆராய்ந்து, 1956-இல் முடிவை வெளியிட்டனர். நாள் முழுவதும் கடையில் அமர்ந்திருந்தவர், எழுத்தர், இயந்திரம் ஓட்டுவோர், சுமை தூக்குவோர், கொதிகலனுக்குக் கரி அள்ளுவோர் எனப் பல வகையினர் அதில் இருந்தனர். மிதமான உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை, வேலை கூடக் கூட உணவும் கூடியது. எடையோ பெரிதும் மாறவில்லை. வியப்பு மறு முனையில்தான். அசையாமல் அமர்ந்திருந்த கடைக்காரர்கள் குறைவாக உண்ணவில்லை. கரி அள்ளியவர்களுக்கு ஈடாக உண்டனர். எடையும் அவர்களுக்கே மிகுதி. உடலுழைப்பு ஓர் அளவிற்குக் கீழே போய்விட்டால் பசி என்னும் தராசு சரியாக நிறுப்பதில்லை என்பதே மேயர் கண்ட முடிவு.

அதே 1956-இல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளைப் புரட்டிப் பார்த்தார். இருக்கையிலேயே அமர்ந்திருந்த ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்று, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களின் இடுப்புச் சுற்றைவிடப் பெரிது! தையற்காரரின் குறிப்பேடும் மருத்துவத்துக்கு உதவுகிறது பாருங்கள்.

இது மீனவர் ஊரின் கதை மட்டுமன்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16-இல் தமிழகப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர்கள். 2019-21-இல் அது 40.4 விழுக்காடாயிற்று. ஆடவரில் 37 விழுக்காடு. நம் பங்கில் பத்துப் பெண்களை நினைத்துக்கொண்டால், அவர்களுள் நால்வர்! அம்மியும் ஆட்டுக்கல்லும் குடமும் நம் வீடுகளை விட்டுப் போயின. உலையில் போடும் அரிசியின் படி மட்டும் மாறாமலிருக்கிறது.

சிறு சிறு வாயளவுகளையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளொன்றுக்கு மூன்று முறை தேநீர், முறைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 120 கலோரி. மீன் தன்னளவில் எளிய உணவு. ஆனால் அதைப் பொரித்தெடுக்கும்போது அது குடிக்கும் எண்ணெயில் ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் மேலும் 120. அதே மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தால் இத்தனை எண்ணெய் தேவையில்லை. ஒருசந்தி நாளில் பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்து உண்பவர்களையும் நாம் அறிவோம்.

எடையைக் குறைக்க விரும்புவோர் முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது கண்டு மகிழ்வார்கள். அதில் பெரும்பகுதி நீர். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அது ஒரே வாரப் பட்டினியில் கரையக்கூடியதன்று. மேலும் உடல் மெலியும்போது அதன் செலவும் சுருங்குகிறது. ஆகவே பழைய உணவுக்குத் திரும்பியவர்களுக்குப் பழைய எடையும் திரும்பிவிடுகிறது. எடை இறங்குவதற்குத் தட்டில் குறைப்பதே பெரிதும் உதவும். இறங்கிய எடை ஏறாமல் நிற்பதற்கு நடை வேண்டும். அமெரிக்காவில் 1994 முதல், எடை குறைத்து அதைக் காத்துவருவோரைப் பதிந்துவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் சுமார் ஒரு மணி நேரம் உடலை அசைப்பவர்கள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை நடந்து திரும்பினாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். கடற்கரையில் கைவீசி நடப்போர் அங்கே விடியற்காலையில் நிறையவே உண்டு. மீன்காரம்மாவுக்கோ அது கடை விரிக்கும் வேளை. வாடிக்கையாளர் இல்லாத போதெல்லாம் எழுந்து அங்காடியை ஒருமுறை சுற்றி வரலாம். இரவுச் சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துக் காயைக் கூட்டலாம். மாலையில் நடக்கலாமே என்று அறிவுரை சொல்லிவிடுவதும் எளிது. விற்றுக் களைத்து வீடு திரும்புகிறவரே உலையும் வைத்து, தண்ணீரும் பிடித்து, பாத்திரமும் துலக்க வேண்டுமானால், அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு யார் எடுத்துத் தருவது? கணவரும் வளர்ந்த மக்களும் அல்லவா?