விழியைப் பறித்தது விதியா?

தோழர்களே! கள்ளக்குறிச்சி என்றதும் 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை ஜிப்மர் என்று தூக்கிக்கொண்டு ஓடியும் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருக்காக ஊர் அழுதது; ஏடுகள் எழுதின. உயிர் பிழைத்தும் பார்வையைப் பறிகொடுத்தார்களே, அவர்களைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்?

அந்தக் கண்களை அவித்தது எது? 'தலையெழுத்து' என்பார் ஒருவர். 'முற்பிறவிப் பாவம்' என்பார் இன்னொருவர். அல்ல, தோழர்களே, அல்ல! அவித்தது மெத்தனால். வயிற்றுக்குள் போன அந்த நஞ்சை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எறும்பிடம் உள்ள அதே அமிலம்! கண்ணில் கண்டதை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பை அது சிதைக்கிறது. இதிலே பிரமன் எழுதியது எங்கே? காய்ச்சியவன் உண்டு; விற்றவன் உண்டு; காசு பார்த்தவன் உண்டு. பழியைக் கர்மத்தின் கணக்கில் எழுதிவிட்டால், கயவனின் கணக்கு தீர்ந்துவிடும். விதி என்ற சொல்லின் வேலையே அதுதான்!

விழி போனது முதல் இழப்பு. அடுத்த இழப்பை ஊர் செய்கிறது. மூட்டை சுமந்தவனுக்குத் தோள் இருக்கிறது, கை இருக்கிறது, கணக்கறிந்த மூளை இருக்கிறது. ஆனாலும் 'நீ உட்கார், உன்னால் ஆகாது' என்கிறோம். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் மறைந்து 'குருடன்' என்பது பெயராகிறது. மணவீட்டுக்குப் புறப்படும்போது எதிரே வந்தால் 'சகுனம்' என்று முகம் சுளிக்கிறோம். நஞ்சு நரம்போடு நின்றது. நாமோ அவன் வாழ்வையே அரிக்கிறோம்.

குறை இருப்பது உடலில். ஊனத்தை உண்டாக்குவது ஊர்! இது மேடைப் பேச்சன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. உடற்குறையோடு சமுதாயத்தின் தடைகள் சேரும்போதுதான் ஒருவர் மற்றவரோடு சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறது என்பதே அது தரும் விளக்கம்.

பிரான்சு நாட்டிலே ஒரு சேணம் தைக்கும் தொழிலாளி. அவர் பட்டறையில் விளையாடிய மூன்று வயது மகன், குத்தூசியால் கண்ணில் குத்திக்கொண்டான். அது 1812-ஆம் ஆண்டு. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி இரண்டும் போயின. ஆனால், பாரிசில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி இருந்தது, அவனைச் சேர்த்துக்கொண்டது. 15 வயதிலேயே விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை அமைத்தான். அவன்தான் லூயி பிரெயில்! அந்தப் பள்ளிக் கதவு சாத்தியிருந்தால்? பிரெயிலும் தெருவோரம் கை நீட்டியிருப்பான். நாமும் 'விதி' என்றிருப்போம்.

நம் தமிழ் மட்டும் சளைத்ததா? பார்வையற்ற வீரராகவ முதலியார் பாப்புனைந்து புகழ் பெற்றார். நாடு அவரை எப்படி அழைத்தது? 'அந்தகக்கவி' என்று! கவிக்கு முன்னே குறை. புகழும்போதும் குறையைத்தான் முதலில் பார்த்தோம்.

கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976-ஆம் ஆண்டு வரை அந்த மக்கள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தனர். அவர்களைத் தாழ்த்தியது மலையா? மனிதன் வகுத்த முறைதானே! அந்த மலைச் சிற்றூரில் கால் விளங்காத பிள்ளை ஒன்று இருந்தால், அதற்குச் சான்றிதழ் வேண்டும். மருத்துவ முகாம் வெள்ளிமலைக்கு வந்தால் வேலை எளிது. வராவிட்டால் பிள்ளையைச் சுமந்துகொண்டு தாய் கள்ளக்குறிச்சிக்கு இறங்கவேண்டும். அன்றைய கூலி போயிற்று. டாக்டர் இல்லையென்றால் மறுநாள் கூலியும் போயிற்று. பிள்ளையின் கால் ஒன்றுதான், தடைகளோ எத்தனை!

2010-ஆம் ஆண்டு கலைஞர் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தந்தார். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைகளைத்தான் கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கியது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழக அரசு 2025-இல் சட்டத்தைத் திருத்தியது. நல்லது, மிக நல்லது! ஆனால், சட்டம் நாற்காலியைத்தான் போடும். அந்த நாற்காலிக்குப் போகும் வழியில் நிற்கிற படிக்கட்டை உடைப்பவர் யார்?

நாம்தான், தோழர்களே! நம் படிப்பகத்தின் வாயிலில் எத்தனை படிகள்? சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்டினோமா? இரண்டு மூட்டை சிமெண்டும் ஒரு நாள் உழைப்பும் போதுமே! பார்வையற்ற தோழர் வந்தால் ஏட்டை உரக்கப் படித்துக்காட்ட ஒருவர் உண்டா? சங்கக் கூட்டத்தில் காது கேளாதவருக்குத் தீர்மானத்தை எழுதிக் காட்டுகிறோமா? 'நொண்டி', 'செவிடு' என்று மேடையில் எதிரியை ஏசும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் தோழரின் முகத்தைப் பார்த்தோமா?

இரக்கம் வேண்டாம், அது ஒரு வேளைச் சோறு. வேலை கொடுங்கள், வழி விடுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள். வருகிற ஞாயிறன்றே மண்வெட்டியோடு படிப்பக வாயிலுக்கு வாருங்கள்!