கோடு டெல்லியில், கட்டடம் மரடில்

கொச்சியின் வைட்டிலா சந்திப்பில் குண்டன்னூர் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, தைக்கூடம் பாலத்தில் சம்பக்கரைக் கால்வாயைக் கடந்தால் மரடு வந்துவிடும். எந்தத் தெருவில் திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் காயல் தண்ணீரில் போய் முடிகிற ஊர். 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டு நாட்களில் இங்கே நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எச்2ஓ ஹோலி ஃபெய்த், ஆல்ஃபா செரீன் இரட்டைக் கோபுரம், ஜெயின்ஸ் கோரல் கோவ், கோல்டன் காயலோரம். நான்கிலும் சேர்த்து 340-க்கும் மேற்பட்ட வீடுகள். பாலங்களிலும் மொட்டைமாடிகளிலும் கூட்டம் திருச்சூர் பூரத் திருவிழா வாணவேடிக்கைக்குக் காத்திருப்பதுபோல நின்றது. ஆல்ஃபா செரீனைத் தகர்க்கும் வேலையை எடுத்திருந்தது சென்னையைச் சேர்ந்த விஜய் ஸ்டீல்ஸ்.

அந்தக் கட்டடங்களை விழவைத்தது டெல்லியில் 1991-ல் எழுதப்பட்ட ஒரு அறிவிக்கை. எழவைத்தது மரடு ஊராட்சி 2006-ல் கொடுத்த கட்டட அனுமதி. சுற்றுச்சூழலைக் காக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்க வேண்டுமா, மாநிலத்திடமா, உள்ளூர் ஆட்சியிடமா என்று வாதிடுகிறவர்கள் ஒருமுறை இந்த ஊருக்கு வந்துபோகலாம்.

முதலில் ஒரு சட்டச் சங்கதி. அரசியல் சாசனம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. 'சுற்றுச்சூழல்' என்ற சொல் அந்த மூன்றிலும் தனி இனமாக இல்லை. நிலம், தண்ணீர், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காடும் வனவிலங்கும் அங்கேதான் இருந்தன. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தம் அவற்றைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பிறகு 1984-ல் போபால் விஷவாயு விபத்து. 1986-ல் நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது கையில் எடுத்த பிடிமானம் பிரிவு 253: வெளிநாட்டு உடன்பாடுகளையும் சர்வதேச மாநாட்டு முடிவுகளையும் நிறைவேற்ற நாடாளுமன்றம் எந்தப் பொருளிலும் சட்டம் இயற்றலாம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தியா கலந்துகொண்டதைச் சுட்டிக்காட்டித்தான் அந்தச் சட்டத்தின் முகவுரையே தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவிலும் இதே வழிதான். டாஸ்மேனியா மாநிலம் ஃபிராங்க்ளின் ஆற்றை மூழ்கடிக்கும் அணை ஒன்றைக் கட்டப் புறப்பட்டது. கூட்டாட்சி அரசு உலகப் பாரம்பரிய உடன்படிக்கையைக் காட்டித் தடுத்தது. 1983-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் கூட்டாட்சி அரசின் பக்கம் நின்றது. அணைக்காகக் காத்திருந்த உள்ளூர்க்காரர்களுக்கு அது அநியாயமாகத் தெரிந்திருக்கும். ஆறு இன்றும் ஓடுகிறது.

நம் கடற்கரைக்கு வருவோம். 1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் எழும்ப விடாதீர்கள். கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது. 1991 பிப்ரவரி 19 அன்று வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கு இருந்தது. நகரமாகிவிட்ட கரை, கிராமக் கரை என்று அது வகை பிரித்தது. ஆறு, காயல், உப்பங்கழி போன்று கடல் ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைகளின் ஓரத்திலும் குறிப்பிட்ட தூரம் விட வேண்டும் என்றது. எந்த இடம் எந்த வகை என்று ஓராண்டுக்குள் மாநிலங்கள் வரைபடம் தர வேண்டும். மாநிலங்கள் இழுத்தடித்தன, 1996-ல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்துக் கண்டித்த பிறகுதான் வேலை நடந்தது. அப்படி வந்த கேரள வரைபடத்தில் மரடு, கிராமக் கரைக்கான மூன்றாம் மண்டலத்தில் விழுந்தது.

ஊராட்சிக்கு இது தெரியாதா? கரையோரக் கட்டடங்களுக்கான விண்ணப்பம் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பார்வைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. விதிமீறல் இருக்கிறது என்று மாநில அரசு சுட்டிக்காட்டிய பிறகு, 2007-ல் அதே ஊராட்சி கட்டுநர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது. கட்டுநர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை கிடைத்தது, கட்டடமும் வளர்ந்தது, வீடுகள் விற்றன, குடும்பங்கள் குடிவந்தன. உள்ளாட்சி செய்த தவறுக்கு அனுமதி வாங்கியவரைத் தண்டிக்க முடியாது என்பது உயர் நீதிமன்றம் போன வழி. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான அமர்வு அதை ஏற்கவில்லை, இடிக்கச் சொன்னது. வீட்டுக்காரர்களுக்கு முதற்கட்டமாகத் தலா 25 லட்சம் ரூபாய் தரவும் பிறகு உத்தரவிட்டது.

அந்த மேல்முறையீட்டைத் தொடுத்தது கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். எதிர்த் தரப்பில், அதற்குள் நகராட்சியாகிவிட்ட மரடு. மத்திய அரசின் சட்டத்தால் பிறந்து, மாநில அதிகாரிகளும் நிபுணர்களும் உட்கார்ந்திருக்கும் அமைப்பு அந்த ஆணையம். கட்டட அனுமதிக் கட்டணமும் சொத்துவரியும் எதிர்பார்க்கிற உள்ளாட்சியிடமே கரையின் காவலை முழுக்க ஒப்படைத்திருந்தால் அந்த வழக்கே பிறந்திருக்காது. மரடில் அதிகாரம் மேலே இருந்ததால்தான் கோடு என்று ஒன்று மிஞ்சியது.

அப்படியானால் எல்லாவற்றையும் டெல்லியிடம் கொடுத்துவிடலாமா? அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கோடு போட்ட கைதான் அழிப்பானையும் வைத்திருக்கிறது. 1994-ல் மத்திய அரசு ஆறு, உப்பங்கழி ஓரங்களுக்கு விட வேண்டிய 100 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. 2011-ல் புது அறிவிக்கை. 2019 ஜனவரி 18 அன்று இன்னொன்று: ஓதம் ஏறும் நீர்நிலைகளுக்கு 50 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. நீதிமன்றம் அடித்துவிட்ட எண் 23 ஆண்டு கழித்து வாசல் வழியாகவே திரும்பி வந்துவிட்டது. இதற்கெல்லாம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை. வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கு அவகாசம் கொடுத்து, அரசிதழில் அச்சடித்தால் முடிந்தது.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியிலோ காவல் நேர்மாறாக இருந்தது. 2022-ல் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதலாவது. 2023-ல் நாடாளுமன்றம் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய சுரங்கத் தொகுதி ஏலம் போனது. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் தெருவுக்கு வந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசே ஏலத்தை ரத்து செய்தது. இங்கே அந்தத் தலத்தைக் காத்தது டெல்லி அல்ல, ஊர்.

மேற்குத் தொடர்ச்சி மலை விஷயத்தில் மத்திய அரசு, மாநிலங்கள் என்று இரண்டு பக்கமுமே தப்பிக்கின்றன. அந்த மலையில் எந்தப் பகுதிகளைக் காக்க வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் குழு 2013-ல் அறிக்கை கொடுத்தது. சூழல் கூருணர்வுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 2014-லிருந்து 2024 வரை ஆறு முறை வரைவு வெளியிட்டிருக்கிறது. ஆறாவது வரைவு வந்தது 2024 ஜூலை 31 அன்று, வயநாட்டில் நிலம் சரிந்து ஊர்களைப் புதைத்ததற்கு மறுநாள். மாநிலங்கள் மறுக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் காலாவதியாக விட்டதற்குப் பேர் கூட்டாட்சி மரியாதை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வைட்டிலாக்காரர்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது; நகரமே புகையில் மூச்சுத் திணறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டெல்லி அமைப்பு தட்டிக்கேட்டது சரிதான், ஆனால் கேட்டது புகை வந்த பிறகு. குப்பை மேட்டைத் தினமும் பார்க்கிற கண் உள்ளூரில்தான் இருக்க முடியும்.

ஆகவே என் கட்சி இது. எவ்வளவு தூரம் விட வேண்டும், எவ்வளவு அழுக்கு வரை பொறுக்கலாம் என்ற குறைந்தபட்ச எல்லையை நாடு முழுவதற்கும் ஒரே கை போடட்டும். மாநிலம் அதை இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. 2008-ல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேரளமே தனக்காக எழுதிக்கொண்டது, யாரும் தடுக்கவில்லை. இன்னொன்றும் வேண்டும்: கரையோர தூரங்கள் அறிவிக்கையிலிருந்து சட்டத்துக்கு ஏற வேண்டும். குறைக்க நினைக்கிற அரசு நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, எதற்காக என்று சொல்லட்டும்.

அதுவரை, காயலோரத்திலோ கழிமுகத்திலோ வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். உள்ளாட்சியின் அனுமதிச் சீட்டு மரடு வீட்டுக்காரர்களிடமும் இருந்தது. அதோடு நிற்காதீர்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டுபோய், ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் அந்த மனை எங்கே விழுகிறது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.