சிறுவயதுப் புகழ் வரமா, பாரமா?



பிள்ளைப் பருவத்தில் வரும் புகழ் வரம் என்றார் எதிரணி நண்பர். வரம்தான் ஐயா. அதைச் சுமக்கிறது யாரு? பிஞ்சுத் தோள் இல்லையா?

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பால்மணம் மாறாத வயதிலேயே அண்ணன்மாரோடு நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் அந்தக் குரல் கணீரென்று விழும். ஊரே கை தட்டியது.

பாட்டுக்கு வாத்தியார் உண்டு. புகழைத் தாங்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் உண்டா?

வீட்டில் மனைவி இருக்க, 1926-இல் இலங்கையில் சந்தித்த கே.பி. சுந்தராம்பாளையும் மணந்தார். பிறகு மனக்கசப்பு, பிரிவு, குடி. உடம்பு கெட்டது. 1933 டிசம்பர் 2-இல் காலமானார். வயசு என்ன தெரியுமா? 27! சுந்தராம்பாளுக்கு அப்போது 25. 1980-இல் மறையும்வரை அவர் உடுத்தியது வெள்ளைச் சேலை.

நீங்கள் கடலோரத்துக்காரர்கள். பாய் பெருசா இருந்து, சுக்கான் இல்லேன்னா படகு என்னாகும்? காற்று அடிக்க அடிக்க ஆபத்துதானே? திறமை பாய், கைதட்டல் காற்று. சுக்கானை வீடுதான் கொடுக்கணும்.

தாய்மார்களே! பரிசு வாங்கி வர்ற பிள்ளையை மெச்சுங்கள். பாட்டு வராத அன்னிக்கும் மடியில் போட்டுக்கிட்டு, “பாடலேன்னாலும் நீ என் புள்ளதாண்டா” என்று சொல்லுங்கள். அதுதான் சுக்கான்!