கிணற்று நீரே இரசாயன நூல்

உப்புநீரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால் வெண்படிவு வீழுமென மாணவர் நெட்டுருச் செய்கின்றனர். அவ்வுப்பு தம்மூர்க் கிணற்றிலேயே இருத்தல் கூடுமென்று நினையார். திருவள்ளூர் ஜில்லாவின் மீஞ்சூர்ப் பக்கத்தில், மாநகர்க்கும் ஆலைகட்கும் வயல்கட்கும் மிகுதியாக நீரிறைத்தமையால் நன்னீர் மட்டந் தாழ்ந்து, 1960-களின் இறுதி முதல் கடல்நீர் நிலத்தடியிற் புகலாயிற்று.

ஆதலின், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை முதல் மீஞ்சூர் ஈறாகவுள்ள உயர்நிலைப் பள்ளிகட்கு நாம் வேண்டும் பாடம் இது: மாணவர் தத்தம் வீட்டு நீரைக் கொணர்க. அளந்த நீரிற் பொட்டாசியம் குரோமேட் சில துளி சேர்த்து, பியூரெட்டினின்று வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுக. குளோரைடு முழுதும் படிந்த பின்னரே மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகத் திரியும்; செலவான கரைசலின் அளவே குளோரைடின் அளவைக் காட்டும். குரோமேட் நஞ்சாதலின், கழிவைத் தனிக்கலத்திற் சேர்த்தல் வேண்டும்.

குடிநீர்க்குரிய இந்தியத் தரவிதி லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கும். வேறு நீர் கிட்டாவிடத்து 1000 வரை பொறுக்கும். கடல்நீரிலோ ஏறக்குறைய 19,000 உளது. கண்ட எண்களை ஊர்ப்படத்திற் குறித்தால், எத்தெருவின் நீர் எத்தகையதென்பது புலனாம். எனினும் உப்பெல்லாம் கடலால் வந்ததன்று; சாக்கடையும் ஆலைக்கழிவுங் காரணமாகலாம். எது காரணமென ஆராய்தலே அடுத்த பாடம். தாம் பருகும் நீரைத் தாமே சோதித்தறிந்த மாணவர்க்கு அப்பாடம் ஒருநாளும் மறவாது.