படிக்கட்டை எண்ணி எண்ணி பரீட்சையில் கோட்டை விடும் மாணவர்கள்: திமிர் அல்ல, நோய்!

மாடிப்படி ஏறும் மாணவன் ஒவ்வொரு படியாக எண்ணுகிறான். மேலே போனதும் "சரியா எண்ணினோமா?" என்று சந்தேகம். கீழே இறங்கி மறுபடியும் எண்ணுகிறான். அதற்குள் பெல் அடித்து விடுகிறது. 4 தடவை எண்ணாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒரு பயம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று வாயை மூடிக்கொள்கிறான்.

வீட்டிலோ, "படிக்க சோம்பேறித்தனம்" என்று திட்டு விழும். சிலர் மந்திரிக்கவும் கூட்டிப் போவார்கள். ஆனால் இது ஓ.சி.டி. எனப்படும் எண்ண சுழற்சி நோய். 100 பேரில் 1 அல்லது 2 பேருக்கு வரக்கூடியது. பெரும்பாலும் சிறு வயதிலோ, வாலிப வயதிலோ தலைகாட்டுவதால் படிப்பில்தான் முதல் அடி விழுகிறது. கை கழுவிக்கொண்டே இருந்தால் வீட்டில் கண்டுபிடித்து விடலாம். மனசுக்குள் எண்ணுவது யார் கண்ணுக்கும் தெரியாது. பரீட்சை ஹாலில் ஒரே வரியை 10 தடவை படித்து, எழுத்தை எண்ணி, பாதி கேள்விக்கு விடை எழுதாமல் வெளியே வருவார்கள்.

குரங்கு நினைப்பு

சாமி படத்தை பார்த்தால் கெட்ட வார்த்தை வருவது, தம்பியை மாடியில் இருந்து தள்ளி விடுவோமோ என்று நடுங்குவது எல்லாம் இதே நோயின் வேலைதான். இப்படிப்பட்ட எண்ணம் எல்லோருக்கும் வந்து போகும். இவர்களோ அதை பிடித்துக்கொண்டு, "நான் கெட்டவனா?" என்று மருகுவார்கள். அந்த எண்ணம் வருவதாலேயே அப்படி செய்துவிட மாட்டார்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்களே, அதே கதைதான். விரட்ட விரட்ட எண்ணம் கூடும்.

எண்ணி முடித்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. "எண்ணியதால்தான் அம்மா தப்பித்தாள்" என்று மனசு நம்பிவிடும். நாளைக்கு 4 தடவை போதாது, 8 தடவை கேட்கும்.

எண்ணாமல் ஏறணும்

இதை உடைக்கும் பயிற்சிக்கு 1966-ல் வழிகாட்டியவர் லண்டன் மனநல நிபுணர் விக்டர் மேயர். எண்ணாமல் படி ஏற வேண்டும். எண்ணிக்கை தானாக ஓடினால் வேண்டுமென்றே தப்பாக எண்ணலாம். பயம் ஏறும். பொறுத்திருந்தால் தானாக இறங்கும். டாக்டரின் ஆலோசனையோடு, சின்ன பயத்தில் ஆரம்பித்து படிப்படியாக செய்ய வேண்டும். புளூவாக்செட்டின் போன்ற மாத்திரைகளும் உண்டு. முழு பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பத்தே நாளில் "கேக்கலை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பெற்றோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று பிள்ளை 50 தடவை கேட்டால், 50 தடவையும் "ஆகாதுடா கண்ணு" என்பார்கள். பாசம்தான். ஆனால் நோய்க்கு அதுதான் தீனி. "இது உன் நோய் கேக்குற கேள்வி" என்று அன்பாக சொல்லி, பதிலை கொஞ்சம் கொஞ்சமாக குறைக்க வேண்டும்.

மாவட்ட தலைமை அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவில் இதற்கு சிகிச்சை பெறலாம். சென்னையில் 1794-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம் இருக்கிறது. நேரில் போக கூச்சமாக இருந்தால், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. எண்ணுவதிலும், கெட்ட எண்ணத்தோடு போராடுவதிலும் தினமும் 1 மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரை பார்க்க வேண்டும்.