தையல் மிஷினும் நம் மூட்டுகளும்

லைங் தாயா ஆலைகளில் தையல் வேலைக்குப் போய் வரும் நம் பெண்கள், வீடு திரும்பியதும் சொல்லும் முதல் வார்த்தை "மூட்டெல்லாம் வலிக்குது" என்பதுதான். ஆனால் மூட்டுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. எந்த மூட்டு எதற்கு என்று தெரிந்தால் வலியின் காரணமும் ஓரளவு புரியும்.

அசையாத மூட்டும் உண்டு. மண்டையோட்டு எலும்புகள் பல்லோடு பல் கோத்துத் தைத்தாற்போல் சேர்ந்திருக்கும். அதற்குப் பெயரே தையல் மூட்டு! கைக்குழந்தையின் உச்சிக்குழி, எலும்புகள் இன்னும் சேராத இடம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே குருத்தெலும்பு வட்டு இருக்கிறது. அங்கு அசைவு கொஞ்சம்தான்.

தாராளமாக அசையும் மூட்டுகளில், எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். சுற்றிலும் ஓர் உறை. உள்ளே மசகு எண்ணெய் போன்ற திரவம். தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் கதவுக்கீல் போல, பெரும்பாலும் மடங்கி நிமிரும். ஆலை மிஷினில் துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்க, முழங்காலால் பக்கவாட்டில் தட்டுகிறோம் அல்லவா? அந்த அசைவு உண்மையில் இடுப்பு மூட்டிலிருந்து வருகிறது. அந்தத் தட்டு எட்டாத இடத்தில் இருந்தால் இடுப்பும் தொடையும் கடுக்கும். மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்து கொள்ளலாம்.

கட்டைவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு. நூல் வெட்டும் கத்தரியை நாளெல்லாம் அழுத்தும் சுமை இதன் மேல்தான். தலையைத் திருப்புவது கழுத்தின் உச்சியிலுள்ள முளை மூட்டு. குனிந்தே தைத்தால் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைப் பின்கழுத்துத் தசைகள் தாங்க வேண்டியிருக்கிறது.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் அந்தத் திரவத்திலிருந்து அதற்குச் சத்து சேருகிறது. ஆகவே சாப்பாட்டு இடைவேளையில் எழுந்து நடங்கள். விரல், தோள், கழுத்தை மெதுவாக அசையுங்கள்.

பெயர் தெரியாத வலி மாத்திரைப் பொட்டலங்களைக் கடையில் வாங்கித் தினமும் விழுங்க வேண்டாம். வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலையில் இரு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேலைக் களைப்பல்ல, வாதநோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. உள்ளே சீழ் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.