டீம்ல முடிவெடுக்க எந்த முறை சரி? கோலார் தங்கவயல் தரும் பாடம்

2001 பிப்ரவரி 28. கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றதும், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. ‘வேணும்னா மறுபடி திறந்துக்கலாம்’ என்பது அதோடு பெரும் செலவாகிவிட்டது. தங்கவயல்காரர்கள் பலர் இன்றும் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

உங்கள் சாஃப்ட்வேர் டீமிலும் முதல் கேள்வி இதுதான்: எடுத்த முடிவை மாத்திக்க முடியுமா?

சுலபமாக முடியும்: பட்டன் நிறம் மாதிரி விஷயங்கள். வேலையைச் செய்பவரே முடிவெடுக்கட்டும். மீட்டிங் வேண்டாம்.

கஷ்டம், தேர்வுகளும் பல: டேட்டாபேஸ் மாற்றம் போன்றவை. மதிப்பெண் அட்டவணை போடுங்கள். செலவு, வேகம், பராமரிப்பு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம்தான் மார்க். இல்லேன்னா, பிடித்தது ஜெயிக்கும்படி எடையைத் திருத்தத் தோணும்.

பல டீம்கள் சம்பந்தப்பட்டவை: ‘டாசி’ முறை. நடத்துபவர், ஒப்புதல் தருபவர், கருத்து சொல்பவர், தகவல் பெறுபவர் என நான்கு பொறுப்புகள். ஒப்புதல் தருபவர் ஒருவராகவே இருக்கட்டும். இரண்டு பேர் என்றால் இழுபறிதான்.

எந்த முறையானாலும் எழுதி வையுங்கள். 2011-இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த ‘ஏடிஆர்’ குறிப்புக்கு ஒன்றிரண்டு பக்கம் போதும்: சூழல், முடிவு, விளைவு.

கடைசியாக ஒன்று. ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து உட்காரப்போவது யாரு? அவரைத் ‘தகவல் பெறுபவர்’ வரிசையில் தள்ளாதீர்கள். கருத்தை முதலிலேயே கேளுங்கள். அந்த முடிவோடு வாழப்போவது அவர்தான்.